ஆதிக்குடி மக்களின் மருத்துவ நிலையங்களும் அவை பொருள் தேடும் நெறியும்

மானியம் என்னுஞ் சொல் நம்மவர்க்குப் புதிதன்று. கோயிலுக்கும் சத்திரத்திற்கும் வித்துவானுக்கும் அரசர் விட்ட நிலத்தை நம் முன்னோர் மானியம் என்றனர். பின்னாளிற் கலாசாலைகளுக்குச் சர்க்கார் அளித்த உதவிப் பணமும் அப்பெயராலேயே வழங்கலாயிற்று. நம் கல்லூரி போன்ற நிலையங்கள் அவ்வுதவிப் பணத்தின் அருமையை அறியும். அதனோடு வரும் விதிகளின் சுமையையும் அறியும். கொடுப்பவன் கை மேலும் வாங்குபவன் கை கீழும் இருத்தல் உலகியற்கை. ஆயினும், பணத்தைக் கொடுப்பவனே கருத்தையும் கொடுத்தல் வேண்டுமோ? வாங்குவோர் தம் நோக்கத்தை இழவாது பொருள் பெறுதல் எங்ஙனம்? இவ்வினாக்களுக்கு விடை காண விழைவார்க்கு, ஆஸ்திரேலியாக் கண்டத்தின் ஆதிக்குடி மக்கள் தாமே அமைத்துத் தாமே நடத்தி வரும் மருத்துவ நிலையங்களின் வரலாறு நல்லதொரு பாடமாகும். அந்நிலையங்கள் பொருள் தேடும் வகையினை இக்கட்டுரையிற் சுருங்க உரைப்பாம்.

மக்களும் அவர்தம் நிலையும்

ஆஸ்திரேலியாவின் ஆதிக்குடிகளும் தோரஸ் நீரிணைத் தீவினரும் 2021-ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறக்குறைய 9,84,000 பேராவர். அஃதாவது, அந்நாட்டு மக்கள் நூற்றுவரில் நால்வர்க்குச் சற்றுக் குறைவு. பல்லாயிரம் ஆண்டுகளாக அம்மண்ணை ஆண்டு வந்தவர் இவர். 1788-இல் ஆங்கிலேயர் குடியேறிய பின்னர் நிலமும் உரிமையும் இழந்தனர். மாகாணங்கள் பலவற்றில் காப்புச் சட்டங்கள் என்னும் பெயரால் வகுக்கப்பட்ட விதிகள் இவர்களைக் காத்ததினும் கட்டியதே மிகுதி. பலர் சர்க்கார் ஒதுக்கிய இடங்களிலும் மிஷன் நிலையங்களிலும் வைக்கப்பட்டனர். அங்குப் பல இடங்களில் அதிகாரியின் அனுமதியின்றி வெளிச் செல்லுதலும் மணம் புரிதலும் இயலாவாயின. பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டமையும் உண்டு. நன்மை செய்ய எண்ணிய கைகளும் இத்தீமையிற் பங்கு கொண்டன என்பதனை மிஷன் கல்லூரியிற் பயிலும் நாம் மறத்தலாகாது.

இதன் விளைவு இன்றும் உடம்பில் எழுதப்பட்டிருக்கின்றது. 2020 முதல் 2022 வரையுள்ள ஆண்டுகளுக்குக் கணித்தவாறு, அங்குப் பிறக்கும் ஆதிக்குடி ஆண்மகவின் ஆயுள் எதிர்பார்ப்பு 71.9 ஆண்டு, பெண்மகவினது 75.6 ஆண்டு. ஏனை ஆஸ்திரேலியரை நோக்க, ஆண்கட்கு 8.8 ஆண்டும் பெண்கட்கு 8.1 ஆண்டும் குறைவு. செல்வமும் மருத்துவக் கலையும் மிகுந்த நாட்டில் இத்துணை வேறுபாடு நிற்பது வைத்தியர் இன்மையால் மட்டுமன்று. வைத்தியரிடஞ் செல்ல மனம் கூசுவதும், சென்றால் மதியாமையும், நெடுந்தூரமும், வறுமையும் ஒருங்கே சேர்ந்த காரணங்களாம்.

கடையறையிற் பிறந்த மருத்துவ நிலையம்

1967-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் நாள் நடந்த பொதுமக்கள் வாக்கெடுப்பில், நூற்றுக்குத் தொண்ணூற்றின் மேற்பட்டோர் இசைந்து, ஆதிக்குடி மக்களின் பொருட்டுச் சட்டம் இயற்றும் அதிகாரத்தைக் காமன்வெல்த் சர்க்காருக்கு அளித்தனர். அதிகாரம் வந்தது, மருந்து வந்திலது. சிட்னி நகரின் ரெட்பெர்ன் பகுதியில் வாழ்ந்த ஆதிக்குடி மக்கள் நோயுற்றால் ஆஸ்பத்திரிக்குச் செல்ல அஞ்சினர். சென்றாலும் கட்டணத்திற்குப் பொருளிலர். எல்லார்க்கும் உரிய மருத்துவக் காப்புத் திட்டம் அந்நாட்டில் 1975-இற்கு முன் இருந்ததில்லை.

ஆகவே, 1971-இல் அம்மக்கள் தாமே ஒரு கடையறையில் மருத்துவ நிலையம் ஒன்றைத் தொடங்கினர். ஷெர்லி ஸ்மித் என்னும் பெருமாட்டியார், கோர்டன் பிரிஸ்கோ, கேரி போலி முதலிய ஆதிக்குடித் தலைவரும், கண்மருத்துவர் பிரெட் ஹாலோஸ் போன்ற நண்பரும் அதற்குத் துணை நின்றனர். வைத்தியர் ஊதியமின்றி வந்தனர். மருந்தும் தட்டுமுட்டுகளும் நன்கொடையாகக் கிடைத்தன. சர்க்கார் பணம் அதன் பின்னரே வந்தது. ஈண்டு வரிசையை நோக்குக: முதலில் நோக்கம், பின்னர் மக்கள், அதன் பின்னர் வேலை, ஈற்றிலே பணம். 1973-இல் மெல்போர்ன் நகரின் பிட்ஸ்ராய் பகுதியில் விக்டோரியா ஆதிக்குடி மருத்துவ நிலையமும், அவ்வாண்டிலேயே நடுப்பாலைவனத்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரில் காங்கிரஸ் என்னும் சங்கமும் தோன்றின. இன்று இத்தகைய நிலையங்கள் 140-க்கு மேற்பட்டுள்ளன. இவற்றின் பொதுச் சபை 1992-இல் தற்போதைய பெயருடன் அமைந்து நாக்கோ எனச் சுருக்கமாக அழைக்கப்படுகின்றது.

இந்நிலையங்களின் உயிர்நிலை, அவ்வூர் ஆதிக்குடி மக்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாக சபையே ஆகும். வைத்தியரும் தாதியரும் அச்சபைக்குப் பணி புரிவோர். 1989-இல் வகுக்கப்பட்ட தேசிய ஆதிக்குடி சுகாதாரத் திட்டம், சுகாதாரம் என்பது ஒருவன் உடல்நலம் மாத்திரமன்று, சமூகம் முழுவதன் உள்ளமும் ஒழுகலாறும் நன்னிலையில் இருத்தலே என்று பொருள் வகுத்தது. ஆதலின், நோயாளியை வீட்டிலிருந்து அழைத்து வருதலும், முதியோர்க்கு உணவளித்தலும், தாய்மொழியில் விளக்கிச் சொல்லுதலும் இங்கு வைத்தியத்தின் பகுதிகளேயாம். பொருள் தேடுவதிலுள்ள இடர்ப்பாடும் இதிலிருந்தே பிறக்கின்றது. சர்க்கார் இலாகாக்கள் நோயைப் பகுத்துப் பணம் ஒதுக்குகின்றன. மக்களோ பகுபடாத மனிதராக வருகின்றனர்.

பொருள் வரும் வாயில்கள்

முதலாவது, காமன்வெல்த் சுகாதார இலாகா. 1995-இல் ஆதிக்குடி சுகாதாரப் பொறுப்பு, ஆதிக்குடி விவகாரங்களைக் கவனித்து வந்த கமிஷனிடமிருந்து இவ்விலாகாவிற்கு மாற்றப்பட்டது. 2014 ஜூலை முதல் முன்னிருந்த பல பகுதிகள் ஒன்று சேர்க்கப்பட்டு, ஆதிக்குடி ஆஸ்திரேலியர் சுகாதாரத் திட்டம் என்னும் பெயருடன் நடைபெறுகின்றன. நிலையங்களின் அடிப்படைச் செலவிற்குரிய பெரும்பணம் இதனின்றே வருகின்றது. 2020 ஜூலை முதல், நிலையத்திற்கு வருவோர் தொகை, இடத்தின் தொலைவால் ஏறுஞ் செலவு, மக்களின் சுகாதாரக் குறை ஆகிய இவற்றை நோக்கிப் பங்கு கணக்கிடும் முறை கையாளப்படுகின்றது. இப்பணத்திற் பெரும்பகுதி ஏற்கெனவே நடந்துவரும் நிலையங்களுக்கே போட்டியின்றி அளிக்கப்படுவதாகும். புதியதாய்த் தொடங்குவார் இதனை முதல் வாயிலாக நம்பியிருத்தல் கூடாது.

இரண்டாவது, 1984 முதல் நடைபெறும் மெடிகேர் என்னும் தேசிய மருத்துவக் காப்புத் திட்டம். சர்க்கார் பணத்தால் நடக்கும் நிலையம் அதே சேவைக்கு மெடிகேர் கட்டணமும் பெறுதல் சட்டப்படி பொதுவாக விலக்கப்பட்டது. ஆனால் 1990-களின் நடுப்பகுதியிலிருந்து ஆதிக்குடி நிலையங்களுக்கு மந்திரியின் கட்டளையால் விதிவிலக்கு அளிக்கப்பட்டுள்ளது. ஆதலின் வைத்தியர் பார்க்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் நிலையம் கட்டணம் பெறலாம். ஆதிக்குடியினர்க்கென்றே உரிய முழு உடற்பரிசோதனைக்கு 715 என்னும் எண்ணுள்ள தனி இனம் உண்டு. இது மானியமன்று; செய்த வேலைக்கு உரிமையாய் வருங் கூலி. கணக்கு எழுதுவோர் அயர்ந்தால் இவ்வருவாய் கைநழுவும்.

மூன்றாவது, மாகாண சர்க்கார்களும், 2015-இல் நாடெங்கும் ஏற்படுத்தப்பட்ட 31 ஆரம்ப சுகாதார வட்டச் சபைகளும். இவை தாய்சேய் நலம், மனநலம், நீரிழிவு, குடிநோய் என இனம் பிரித்து ஒப்பந்தம் விடும்.

நான்காவது, ஆராய்ச்சி நிதிகள். 2010-இல் தோன்றிய லோவிட்ஜா நிலையமும், தன் மருத்துவ ஆராய்ச்சி நிதியில் நூற்றுக்கு ஐந்தேனும் ஆதிக்குடி சுகாதாரத்திற்கு ஒதுக்க உறுதி பூண்ட தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் இவ்வகையின. ஆராய்ச்சிப் பணம் ஆராய்ச்சிக்கே உரியது. அதனைக் கொண்டு தாதிக்குச் சம்பளம் கொடுக்க எண்ணுவார் இரண்டனையுங் கெடுப்பர்.

ஐந்தாவது, தனவந்தரும் தரும நிதிகளும். அந்நாட்டு வரிச் சட்டத்தின்படி, நன்கொடைக்கு வரிக்கழிவு பெறத்தக்க நிலையம் எனப் பதிவு பெறாத சங்கத்திற்குப் பல தரும நிதிகள் பணம் தர இயலா. ஆகவே அப்பதிவை முன்னரே பெற்று வைத்தல் அறிவுடைமை.

விண்ணப்பிக்கும் முறை

மானியம் தேடுவார் முதலிற் சட்டப்படி ஓர் உருவம் பெறல் வேண்டும். ஆதிக்குடியினர்க்கென 2006-இல் இயற்றப்பட்டு 2007 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சங்கப் பதிவுச் சட்டம் ஒன்றுண்டு. இதன் கீழ்ப் பதிவு செய்த சங்கம் தன் இனத்து வழக்காறுகளுக்கு ஏற்ப விதிகளை அமைத்துக்கொள்ளலாம். பதிவு பெறாத சிறு குழுவினர், பதிவு பெற்ற பெரிய சங்கமொன்றைப் பொறுப்பாளியாகக் கொண்டு அதன் பெயரால் விண்ணப்பித்தலும் உண்டு. அப்போது பணத்தை ஆள்வார் யார், வேலையை ஆள்வார் யார் என்பதனை எழுத்தில் வரைந்துகொள்ளல் வேண்டும்.

அடுத்து, ஊர்க் கூட்டம். முதியோரும் தாய்மாரும் இளைஞரும் கூடி, தமக்கு முதற்கண் வேண்டுவது யாது என்று தெளிதல் வேண்டும். இதனைச் செய்யாது அறிவிப்பைக் கண்டவுடன் விண்ணப்பம் எழுதத் தொடங்குதல், சட்டையைத் தைத்துவிட்டு அதற்கேற்ற ஆளைத் தேடுவது போலாம். தேவை தெளிந்த பின்னரே, காமன்வெல்த் மானியங்கள் வெளியிடப்படும் கிராண்ட்கனெக்ட் என்னும் இணையதளத்தையும், மாகாண சர்க்கார், தரும நிதிகள் ஆகியவற்றின் அறிவிப்புகளையும் ஆராய்தல் வேண்டும். ஒவ்வொரு மானியத்திற்கும் விதிநூல் ஒன்றுண்டு. அதில் நோக்கம், விண்ணப்பிக்கத் தகுதியுடையோர், மதிப்பிடும் அளவைகள், செலவிடத் தகாதவை, இறுதி நாள் ஆகியவை கூறப்பட்டிருக்கும். தகுதிப் பகுதியையும் செலவிடத் தகாதவற்றின் பகுதியையும் முதலிற் படிப்பவர் பல நாள் உழைப்பை வீணாக்கார்.

விண்ணப்பத்தின் உள்ளீடு மூன்று. குறையைச் சான்றுடன் காட்டுதல் ஒன்று: நிலையத்தின் சொந்தக் குறிப்பேடுகளே சிறந்த சான்று; ஆனால் அவை நோயாளிகளின் உடைமையாதலின், பெயர் வெளிப்படாமலும் நிர்வாக சபையின் இசைவுடனுமே வெளியிடத்தக்கன. செய்யவிருக்கும் வேலையை நாள், ஆள், இடம் குறித்துச் சொல்லுதல் மற்றொன்று. உண்மையான செலவைக் கேட்டல் மூன்றாவது. இம்மூன்றாவதிலேயே பலர் தவறுகின்றனர். பாலைவனத்து ஊருக்கு ஒரு தாதி வேண்டுமெனில் அவர் சம்பளம் மட்டும் கேட்டாற் போதுமா? அவர் தங்க வீடு வேண்டும். வண்டியும் எண்ணெயும் வேண்டும். விடுமுறையிற் செல்லும்போது வேறொருவர் வேண்டும். கூடவே மொழியும் முறையும் அறிந்த அவ்வூர்ச் சுகாதார ஊழியர் ஒருவர்க்கும் ஊதியம் வேண்டும். தணிக்கைக்கும் காப்புறுதிக்கும் பணம் வேண்டும். குறைத்துக் கேட்டால் எளிதிற் கிடைக்கும் என்று எண்ணி இவற்றை விடுவோர், மானியம் பெற்ற நாளிலேயே கடனாளியாவர்.

மானியம் கிடைத்த பின் கணக்கு ஒப்படைத்தல் தொடங்கும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. ஒவ்வொரு மானியத்தின் பணமும் தனித்தனியே எழுதப்பட்டு, குறித்த வேலைக்கே செலவாயிற்று என்று காட்டப்படல் வேண்டும். இத்துடன், குழந்தைகளின் எடை, நீரிழிவு நோயாளிகளின் பரிசோதனை முதலியவை பற்றிய தேசியக் குறியீட்டு விவரங்களை ஆண்டுக்கு இருமுறை அனுப்புதலும் சுகாதார இலாகாவிடம் பணம் பெறும் நிலையங்களின் கடமையாகும்.

மானியங்களின் சுமை

ஈண்டு ஓர் இடர் பிறக்கின்றது. வாயில்கள் பலவாதலின் ஒரே நிலையம் இருபதுக்கு மேற்பட்ட மானியங்களைத் தனித்தனியே பெறுதல் அரிதன்று. ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனி அறிக்கை, தனி முடிவு நாள். ஜூடித் டுவயரும் அவருடன் ஆராய்ந்தோரும் 2009-இல் வெளியிட்ட ஓவர்பர்டன் அறிக்கை இதனை விரிவாக ஆராய்ந்தது. சுரங்கத் தொழிலில் தாதுவை அடையுமுன் அகற்ற வேண்டிய மேல்மண்ணை அப்பெயரால் அழைப்பர். மருத்துவத்தை அடையுமுன் இந்நிலையங்கள் அகழ்ந்து தள்ளவேண்டிய காகித மண்ணையே அப்பெயர் குறித்தது.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. ஓராண்டு மானியத்தால் அமர்த்தப்பட்ட ஊழியர் ஆண்டு முடியுமுன்னரே வேறு வேலை தேடுவர். அவரை நம்பத் தொடங்கிய தாய்மார் மீண்டும் புதியவர் ஒருவரிடம் தம் கதையை முதலிலிருந்து சொல்லவேண்டியவராவர். மேலும், பணம் எங்கிருக்கின்றதோ அங்கு நிலையம் சாயும். ஊரார் கேட்டது சிறுநீரக வைத்தியமாக, கிடைத்தது புகை விலக்குப் பிரசாரப் பணமாயின், நிலையம் பிரசாரமே செய்துகொண்டிருக்கும். நோக்கத்தை வளைக்கும் பணம், பணமின்மையினும் விலை மிகுந்ததாம்.

சர்க்கார்களும் இக்குறையை உணர்ந்திலர் அல்லர். 2020 ஜூலையில் எல்லாச் சர்க்கார்களும் ஆதிக்குடிச் சங்கங்களின் கூட்டணியுடன் செய்த தேசிய உடன்படிக்கையில், மக்கள் ஆட்சியிலுள்ள சங்கங்களை வலுப்படுத்துதல் நான்கு முதன்மைச் சீர்திருத்தங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. ஆயினும், 2024-இல் அந்நாட்டு உற்பத்தித் திறன் கமிஷன் ஆராய்ந்து, சர்க்கார்கள் தம் வாக்குறுதிகளைப் பெரும்பாலும் நிறைவேற்றவில்லை என்று முடிவு கூறியது.

ஓவியம் விற்று உயிர் காத்தோர்

இத்தகைய நிலையிற் செய்யத்தக்கது யாது? பின்ட்டுப்பி இனத்தார் செய்ததைக் கூறுவாம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸிற்கு மேற்கே ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கின்டோர் என்னும் ஊருளது. அதற்கும் மேற்கே கிவிர்க்குரா உளது. இவ்வூரார் புள்ளி ஓவியக் கலையில் உலகப் புகழ் பெற்றவர். இவர்களுட் சிறுநீரகம் பழுதுபட்டோர், வாரம் மும்முறை இயந்திரத்தால் குருதி தூய்மை செய்துகொள்ளும் பொருட்டு, ஆலிஸ் ஸ்பிரிங்ஸிற்குச் சென்று அங்கேயே வாழ்நாளைக் கழிக்க நேர்ந்தது. பிறந்த மண்ணையும் பேரப்பிள்ளைகளையும் பிரிந்து, அந்நிய ஊரில் முதியோர் மனம் உடைந்து மாய்ந்தனர். முதியோர் இலராயின் பாட்டையும் சடங்கையும் இளையோர்க்குக் கற்பிப்பார் யார்? ஊரிலேயே இயந்திரம் வைக்கவேண்டுமெனக் கேட்டனர். அதற்குரிய சர்க்கார் உதவி கிடைத்திலது.

அவர்கள் பிறருடைய அறிவிப்புக்காகக் காத்திருந்திலர். ஆடவரும் பெண்டிரும் கூடிப் பெரிய ஓவியங்களைத் தீட்டினர். 2000 நவம்பரில் சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் ஏலம் நடந்தது. பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் சேர்ந்தது. அப்பணத்தைக் கொண்டு தம் சங்கத்தை அமைத்தனர். அதன் பெயர்க்குப் பொருள், நம் குடும்பத்தார் அனைவரையும் நலமுறச் செய்தல் என்பது. இன்று பர்ப்பிள் ஹவுஸ் எனப் பலரும் அழைப்பது இதனையே. சில ஆண்டுகளில் கின்டோரிலே இயந்திரம் இயங்கியது; நோயாளிகள் வீடு திரும்பினர். இவ்வேலை பலனளிப்பதைக் கண்கூடாகக் காட்டிய பின்னர், மானியம் கேட்கும் குரலுக்கு எடை கூடியது. பிற ஊர்களிலும் இயந்திரங்கள் அமைந்தன. மூலிகைத் தைலம் செய்து விற்று வரும் வருவாயும் சேர்ந்தது.

அவர்கள் அத்துடனும் நின்றிலர். மானியம் இன்று வரும், நாளை நிற்கும் என்பதனை அறிந்து, தொலைதூர ஊர்களில் நடக்கும் இவ்வைத்தியத்திற்கு மெடிகேர் கட்டணம் வேண்டுமென விடாது வாதாடினர். 2018 நவம்பர் முதல் அதற்குத் தனி இனம் ஏற்படுத்தப்பட்டது. கருணையாய் வந்தது உரிமையாய் மாறியது. பதினெட்டு ஆண்டு உழைப்பின் பயன் இதுவாகும்.

முடிவுரை

ஆகவே, மானியம் தேடுதல் என்பது விண்ணப்பம் எழுதும் திறமை மட்டுமன்று. தமக்கு வேண்டுவதைத் தாமே துணிதல், சிறிதாயினும் தம் கையால் தொடங்குதல், நோக்கத்தோடு பொருந்திய பணத்தையே நாடுதல், பெற்றதற்குச் செம்மையாய்க் கணக்குக் காட்டுதல், காலவரையுள்ள உதவியை நிலையான உரிமையாக மாற்ற முயலுதல் என்னும் ஐந்தும் அதன் படிகளாம். ரெட்பெர்னின் கடையறையும் கின்டோரின் ஓவியத் துணியும் இவற்றையே போதிக்கின்றன.

மாணவ நண்பர்களே! நீங்கள் நாளை வைத்தியராகவோ, கணக்கராகவோ, தரும நிதிகளை ஆளும் பொறுப்பாளராகவோ ஆதல் கூடும். கொடுக்கும் இடத்தில் அமர்வீராயின், கேட்பவர் எழுதிய தாளை மட்டுமன்றி, அவர் கேட்க நினைத்து விதிக்கு அஞ்சி விட்டதனையும் படிக்கக் கற்பீராக. கேட்கும் இடத்தில் நிற்பீராயின், பின்ட்டுப்பி முதியோரை நினைவிற் கொள்வீராக. அவர்கள் பணம் கேட்டுப் புறப்பட்டாரல்லர். வீடு திரும்ப வழி கேட்டே புறப்பட்டனர்.